பிளஸ் டூ முடிந்த சாரணர்கள் எங்கே போகிறார்கள்?

சாரணர் இயக்கத்தில் ஒரு பிள்ளை சின்ன வயதிலேயே சேர்ந்துவிட்டால், பள்ளி முடிக்கும் வரை அதற்குப் பாதை போட்டே வைத்திருக்கிறார்கள். ஆரம்பப் பள்ளியில் பையன்கள் குருளையர், பெண்கள் நீலப்பறவையர். பத்து வயதைத் தாண்டினால் சாரணர், சாரணியர். அப்புறம் பிரவேஷ், பிரதம சோபான், துவிதிய சோபான், திருதிய சோபான் என்று படிப்படியாக ஏற வேண்டும். முடிச்சுப் போடுவது, முதலுதவி, திசை பார்ப்பது, கூடாரம் அடிப்பது, திறந்தவெளியில் சமைப்பது என்று ஒவ்வொரு படியிலும் கற்றுக்கொள்ளவும் தேர்வு கொடுக்கவும் ஏதாவது இருக்கும். அதற்கு மேலே ஆளுநர் பெயரால் வழங்கப்படும் ராஜ்ய புரஸ்கார். உச்சியில் குடியரசுத் தலைவரின் ராஷ்டிரபதி விருது. அடுத்து என்ன என்ற கேள்வியே பிள்ளைக்கு வராது.

பிளஸ் டூ பரீட்சை முடிகிறது. இந்தப் பாதையும் அதோடு முடிந்துவிட்டது என்று நினைத்துப் பெரும்பாலான பிள்ளைகள் சத்தமில்லாமல் விலகிவிடுகிறார்கள். யாரும் அவர்களைப் போகச் சொல்வதில்லை, இருக்கவும் சொல்வதில்லை.

சாரணர் வயதைத் தாண்டியாயிற்று, ஆனால் சாரண ஆசிரியராகும் காலம் இன்னும் வரவில்லை. சுமார் 18 முதல் 25 வயது வரையிலான இந்த இடைவெளியில் இளைஞர்களை இயக்கத்தோடு எப்படிச் சேர்த்து வைத்திருப்பது என்பதுதான் இங்கே விஷயம். இயக்கத்தைப் பற்றி அதிகம் தெரியாதவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். பெற்றோருக்கும் புதிதாகப் பொறுப்பேற்ற ஆசிரியர்களுக்கும் இது உதவும். பள்ளியை விட்டு இப்போதுதான் வெளியே வந்த பிள்ளைகள் படித்தால் இன்னும் நல்லது.

பாதை முடியவில்லை

முதலில் தெரிய வேண்டியது, பாரத சாரண சாரணியர் இயக்கத்தில் 25 வயது வரை உறுப்பினராகவே தொடர ஒரு பிரிவு இருக்கிறது. ஆண்கள் திரிசாரணர், பெண்கள் திரிசாரணியர். பேச்சில் ரோவர், ரேஞ்சர் என்பதுதான் அதிகம் புழங்குகிறது. பதின்ம வயதின் பிற்பகுதியிலேயே இதில் சேரலாம். சாரணர் பிரிவின் கடைசி ஆண்டுகளும் ரோவர் பிரிவின் முதல் ஆண்டுகளும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன. இது வெறும் விதிப்புத்தகச் சமாச்சாரம் போலத் தோன்றும். உண்மையில் மொத்தப் பிரச்சினைக்கும் பாதி விடை இங்கேதான் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ரோவருக்கும் தனிப் படிகள் உண்டு. பிரவேஷ், பிரவீண், நிபுண் என்று போய் ராஜ்ய புரஸ்கார், ராஷ்டிரபதி விருது வரை அவர்களும் ஏறலாம். ஆனால் அடிப்படை நோக்கம் மாறிவிடுகிறது. சாரணரின் குறிக்கோள் 'தயாராக இரு'. ரோவரின் குறிக்கோள் ஒரே சொல்: 'சேவை'. பள்ளிச் சாரணருக்கு என்ன செய்வதென்று ஆசிரியர் திட்டமிட்டுக் கொடுப்பார். ரோவர் குழுவில் உறுப்பினர்களே கூடி முடிவெடுக்க வேண்டும், தலைவர் பக்கத்தில் இருந்து ஆலோசனை சொல்வார். ரோவராக உறுதிமொழி எடுப்பதற்கு முன்னால் தனியாக அமர்ந்து, தான் ஏற்கப்போவது என்ன என்று யோசித்துப் பார்க்கும் ஒரு விழிப்பு வழக்கமும் உண்டு. பதினெட்டு வயதில் ஒருவன் தன்னைத் தானே நிதானமாகக் கேட்டுப் பார்க்க இப்படி ஒரு வாய்ப்பை நம் கல்வி முறையில் வேறு யாரும் கொடுப்பதாக எனக்குத் தெரியவில்லை.

நூறு வருடத்துக் கேள்வி

பெரிய பையன்களை என்ன செய்வது என்ற கேள்வி இயக்கத்தோடு கூடவே பிறந்தது. சாரணியத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1907இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் இருபது பையன்களை வைத்துச் சோதனை முகாம் நடத்தினார். பத்து வருடத்தில் அந்த முதல் தலைமுறை வளர்ந்துவிட்டது. நடுவில் முதல் உலகப் போரும் வந்தது. சாரணர் வயதைத் தாண்டியும் விலக மனமில்லாதவர்களுக்காக 1918இல் ரோவர் பிரிவு உருவானது. 1931இல் சுவிட்சர்லாந்தின் காண்டர்ஸ்டெக் என்ற மலைக் கிராமத்தில் ரோவர்களின் முதல் உலகக் கூடல் நடந்தது. 'மூட்' என்று அழைக்கப்படும் அந்தக் கூடல், 18 முதல் 25 வயதினருக்காக இன்றும் நடக்கிறது. கடைசியாக 2025இல் போர்ச்சுகலில் கூடினார்கள்.

ரோவரைத் தொடங்கிய இங்கிலாந்தே அதை நிலையாக வைத்திருக்கவில்லை. 1966இல் வந்த ஒரு சீர்திருத்த அறிக்கையைத் தொடர்ந்து ரோவர் பிரிவைக் கலைத்துவிட்டு, 16 முதல் 20 வரையிலானவர்களுக்கு வென்ச்சர் ஸ்கவுட் என்ற புதுப் பிரிவு கொண்டுவந்தார்கள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அதையும் மாற்றி, 14 முதல் 18 வரை எக்ஸ்புளோரர், 18 முதல் 25 வரை நெட்வொர்க் என்று பிரித்தார்கள். அமெரிக்காவில் ஈகிள் என்ற உச்ச விருதுக்கான தகுதிகளை 18 வயதுக்குள் முடித்தாக வேண்டும். வாங்கிய கையோடு பலர் விலகிப்போகிறார்கள். நம்மூரில் ராஷ்டிரபதி விருது வாங்கிய பிள்ளைகளிடம் பார்ப்பதும் இதேதான்: விருது வந்தாச்சு, வேலை முடிஞ்சுது.

ஆஸ்திரேலியாவின் நிலை வேறு. அங்கே 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான ரோவர் பிரிவு பல தலைமுறையாகத் தொடர்கிறது. விக்டோரியா மாநிலத்தின் போகாங் மலைமேட்டில் 1940இல் ரோவர்களே ஒரு பனிச்சறுக்கு விடுதியைக் கட்டினார்கள். இன்றைக்கும் அது அவர்கள் கையில்தான் இருக்கிறது. பழைய கார்களைச் சேற்றில் ஓட்டும் 'மட்பாஷ்' என்ற பெரிய விழாவையும் விக்டோரியா ரோவர்களே நடத்துகிறார்கள். பாதுகாப்பு விதிகள், கூட்டம், சாப்பாடு எல்லாம் இருபது சொச்சம் வயதுப் பிள்ளைகள் பொறுப்பு. அவர்கள் இயக்கத்தில் தங்குவதற்குக் காரணம் தேடி எங்கேயும் போக வேண்டாம். இது எங்களுடையது, நாங்கள் போனால் நின்றுவிடும் என்று சொல்ல அவர்களுக்கு ஏதோ ஒன்று இருக்கிறது.

நம்மூரில் ஏன் அறுந்துபோகிறது

இந்தியாவில் சாரணியம் 1909இல் பெங்களூரில் தொடங்கியபோது அது ஆங்கிலேயப் பிள்ளைகளுக்கானதாக இருந்தது. இந்தியப் பிள்ளைகளுக்குக் கதவு திறக்க வேண்டும் என்று பாடுபட்டவர்களில் முக்கியமானவர் அன்னி பெசன்ட். பிரம்மஞான சங்கத்து அருண்டேலோடு சேர்ந்து சென்னையில் அவர் தொடங்கிய சாரணர் சங்கம் இதில் பெரிய அடி. தனித்தனியாக இருந்த அமைப்புகள் இணைந்து 1950 நவம்பர் 7இல் இன்றைய பாரத சாரணர் இயக்கம் உருவாயிற்று. அடுத்த வருடம் சாரணியரும் சேர்ந்தார்கள். இந்த வரலாறு நெடுகிலும் சாரணியம் பள்ளிக்கூடத்தோடு ஒட்டியே வளர்ந்தது. தமிழ்நாட்டில் அது இன்னும் அப்படித்தான் இருக்கிறது.

இதில் நன்மை நிறைய. பள்ளி இருப்பதால் மைதானம் இருக்கிறது, பொறுப்பாசிரியர் இருக்கிறார், ஏழை வீட்டுப் பிள்ளையும் சேர முடிகிறது. ஆனால் ஒரு பிள்ளை பள்ளியை விட்டுப் போகும் நாளில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பள்ளியின் சாரணர் படை போய்விடுகிறது. அணித் தோழர்கள் ஆளுக்கொரு ஊருக்குப் போகிறார்கள். சாரண ஆசிரியர் அடுத்த வருடத்து ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு மும்முரமாகிவிடுகிறார். வெள்ளிக்கிழமை மாலை அணிவகுப்பு நடந்த மைதானத்துக்கே இனி வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். இங்கிலாந்திலோ ஆஸ்திரேலியாவிலோ சாரணர் குழு என்பது பெரும்பாலும் ஊருக்குள், பேட்டைக்குள் இருக்கிறது. பள்ளி முடிந்தாலும் அந்தக் கூடம் அதே தெருவில் இருக்கும். நம் பிள்ளைக்கு இடம், நண்பர், வழிகாட்டி மூன்றும் ஒரே மாதத்தில் கைவிட்டுப் போகின்றன. இப்படி இருக்கும்போது, 'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லை' என்று சொல்வது நியாயமே இல்லை. எனக்கு இதில் கோபமே உண்டு. ஆர்வம் இல்லாத பிள்ளை ராத்திரி முழுக்க மழையில் நனைந்த கூடாரத்தில் உட்கார்ந்து பாட்டுப் பாடுமா?

கல்லூரியில் சேர்ந்தால் அங்கே என்சிசி இருக்கும், என்எஸ்எஸ் இருக்கும். ரோவர் குழு இருக்கும் கல்லூரிகளும் உண்டு, ஆனால் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். இன்னொரு வழி, பள்ளி கல்லூரி எதையும் சாராமல் ஊர்ப் பிள்ளைகளைச் சேர்த்து நடத்தும் திறந்தநிலைக் குழு. பதிவு செய்வது, ஆண்டுதோறும் புதுப்பிப்பது எல்லாம் மற்றக் குழுக்களைப் போலத்தான். மாவட்டச் சாரணர் அலுவலகத்தில் கேட்டால் பக்கத்தில் எங்கே இருக்கிறதென்று சொல்வார்கள். இல்லையென்றால், பழைய சாரணர்கள் சிலர் சேர்ந்து புதிதாகத் தொடங்குவது எப்படி என்று அங்கேயே கேட்கலாம்.

இப்போது பாதி விடை என்று சொன்னதற்கு வருகிறேன். பிள்ளை பள்ளியில் இருக்கும்போதே, பதினொன்றாம் வகுப்பிலேயே, ரோவர் குழுவுக்குள் ஒரு காலை எடுத்து வைத்துவிட வேண்டும். வயது வரம்பு ஒன்றின்மேல் ஒன்று படிந்திருப்பதால் இதற்கு இடம் இருக்கிறது. ஒரு முகாமுக்கு அந்தக் குழுவோடு போய்வரட்டும். நாலு பேர் முகம் தெரியட்டும், வாட்ஸப் குழுவில் எண் சேரட்டும். பள்ளி முடியும்போது அந்தப் பிள்ளைக்குப் போக ஓர் இடம் ஏற்கெனவே இருக்கும். விடைபெறும் விழாவில் ஸ்கார்ஃப் போட்டுக் கைதட்டி அனுப்பிவிட்டு, ஆறு மாதம் கழித்துத் தேடினால் கிடைக்க மாட்டார்கள். அதற்குள் கல்லூரி அவர்களை இழுத்துக்கொண்டிருக்கும்.

எதற்காகக் கூப்பிடுகிறீர்கள்?

பழைய மாணவரை எப்படிக் கூப்பிடுகிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது என்று நான் நம்புகிறேன். வழக்கமாகக் காதில் விழுவது இது: "தம்பி, முகாம் நடக்குது, முடிஞ்சா வந்துட்டுப் போ." பிள்ளை பாசத்தோடு வரும். வந்தால் ஒரு நாற்காலி, ஒரு டீ. யாருக்கும் அவனால் ஆக வேண்டியது ஒன்றுமில்லை. சின்னப் பிள்ளைகள் "அண்ணா யாரு?" என்று பார்ப்பார்கள். மதியச் சாப்பாட்டு வரிசையில் நிற்பதா, ஆசிரியர்களோடு உட்காருவதா என்று தெரியாமல் ஓரமாக நிற்பான். அடுத்த முறை போனை எடுக்கமாட்டான், எடுத்தாலும் 'இன்டர்னல் எக்ஸாம் சார்' என்பான்.

இதையே இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "தம்பி, வர்ற சனிக்கிழமை காலைல எட்டுலேர்ந்து பதினொண்ணு வரைக்கும் பயனியரிங் வகுப்பு. இந்த வருஷம் சதுரக் கட்டு யாருக்கும் சரியா வரல. மாநில முகாம்ல நீ போட்ட கோபுரம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. அந்த மூணு மணி நேரத்தை நீ எடுத்துக்கிறியா?" (பயனியரிங் என்பது கழிகளைக் கயிற்றால் கட்டிக் கோபுரம், பாலம் போன்றவற்றை அமைப்பது.) இதில் நேரம் இருக்கிறது, வேலை இருக்கிறது, முடிவும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேல், ஏன் அவன்தான் வேண்டும் என்ற காரணம் இருக்கிறது. வருடம் முழுக்க வா என்றால் பயந்துபோகிற பிள்ளை மூன்று மணி நேரத்துக்கு மறுப்புச் சொல்லாது.

அப்படி ஒரு வகுப்பைக் கிட்டத்தில் இருந்து கவனித்தால் ஒன்று புரியும். இரண்டு மூங்கில் கழிகளைக் குறுக்காக வைத்து ஒரு பையன் கயிறு சுற்றுகிறான். முதல் முடிச்சைக் கழியில் சரியாகத்தான் பூட்டியிருக்கிறான். மூன்று சுற்றும் வந்துவிட்டது. ஆனால் இரண்டு கழிகளுக்கும் நடுவே கொடுக்க வேண்டிய இறுக்கச் சுற்றை விட்டுவிட்டு முடித்துவிடப் பார்க்கிறான். பக்கத்தில் குந்தியிருக்கும் பத்தொன்பது வயது ரோவருக்குக் கை துறுதுறுவென்கிறது. கயிற்றை வாங்கிக் கட்டிக் காட்டிவிட்டால் ஒரு நிமிடத்தில் முடியும். அவன் வாங்கவில்லை. "ஆட்டிப் பாரு" என்று மட்டும் சொல்கிறான். பையன் ஆட்டிப் பார்க்கிறான், கழி கத்தரிக்கோல் மாதிரி மடங்குகிறது. தானே அவிழ்த்து மறுபடி தொடங்குகிறான். அன்றைக்குச் சின்னவன் கற்றுக்கொண்டது ஒரு கட்டு. பெரியவன் கற்றுக்கொண்டது, தெரிந்ததைச் செய்யாமல் கையைக் கட்டிக்கொண்டு இருப்பது. இந்த இரண்டாவது பாடம் சாரணர் பிரிவில் கிடைக்காது. அதற்கு வயது தாண்டித்தான் வர வேண்டும்.

உண்மையான வேலை கிடைத்தால் இளைஞர்கள் எவ்வளவு தூரம் வருவார்கள் என்பதற்கு உலகப் பெருந்திரளணியே சாட்சி. ஜாம்பூரி என்று அழைக்கப்படும் அந்தக் கூடலில் 14 முதல் 17 வயது வரையிலானவர்கள்தான் பங்கேற்பாளர்கள். 18 ஆகிவிட்டால் வாய்ப்புப் போச்சே என்று வருந்த வேண்டியதில்லை, பன்னாட்டுச் சேவை அணி என்ற இன்னொரு வாசல் இருக்கிறது. 2019இல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவிலும் 2023இல் தென்கொரியாவிலும் அப்படித்தான் ஆயிரக்கணக்கானவர்கள் போனார்கள். 2027இல் போலந்தில் நடக்கவிருப்பதற்கும் போவார்கள். உணவுக் கிடங்கு, மேடை, மருத்துவ உதவி, குப்பை பிரிப்பது என்று அங்கே காலையிலிருந்து இரவு வரை வேலை. இந்த வேலைக்குச் சம்பளம் கிடையாது, பங்கேற்புக் கட்டணத்தை அவர்களே கட்ட வேண்டும், விமானச் செலவும் அவர்களுடையது. ஆனாலும் போகிறார்கள்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2025 ஜனவரி கடைசியில் மணப்பாறை சிப்காட் வளாகத்தில் இயக்கத்தின் வைரவிழாப் பெருந்திரளணி நடந்தது. நாடு முழுவதிலிருந்தும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வந்து தங்கினார்கள். அந்த அளவிலான ஒரு கூடாரநகரம் ஆசிரியர்களை மட்டும் வைத்து நடக்காது. வழிகாட்ட, வரிசை ஒழுங்குபடுத்த, காணாமல்போன பையைத் தேடிக் கொடுக்க, அழும் குழந்தையைச் சமாதானப்படுத்த இளைஞர்கள் வேண்டும். வடக்கே கும்பமேளாவில் ரோவர்கள் செய்யும் கூட்டச் சேவைக்கு நீண்ட வரலாறே இருக்கிறது. நம் கோயில் திருவிழாக்களிலும் ஸ்கார்ஃப் போட்ட பிள்ளைகளைத் தண்ணீர்ப் பந்தல் பக்கம் பார்க்கலாம்.

உதவியாளர் மட்டும்தானா?

சேவை, கற்றுக்கொடுப்பது என்றே பேசிக்கொண்டிருந்தால் ஓர் ஆபத்து உண்டு. இளைஞர்களைக் கைக்கு உதவியாக மட்டும் பார்க்கத் தொடங்கிவிடுவோம். நாற்காலி போட ஆள் வேண்டுமா, ரோவரைக் கூப்பிடு. இப்படி இரண்டு வருடம் போனால் மூன்றாவது வருடம் அவர்கள் வரமாட்டார்கள். அவர்களுக்கென்று சந்தோஷம் வேண்டும், சின்னப் பிள்ளைகள் இல்லாத முகாம் வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு மலையேற்றம், கடற்கரையோரமாக ஒரு சைக்கிள் பயணம், விடிய விடியப் பேச்சு. மத்தியப் பிரதேசத்துப் பச்மரியில் இயக்கத்தின் தேசியப் பயிற்சி மையமும் சாகசப் பயிற்சி நிலையமும் இருக்கின்றன. பாறை ஏறுவது முதல் அங்கே போய்க் கற்றுக்கொள்ளலாம். காண்டர்ஸ்டெக்கில் 1923இலிருந்து இயங்கும் பன்னாட்டுச் சாரணர் மையத்தில் 18 வயது நிரம்பிய சாரணர்கள் சில மாதம் தங்கித் தன்னார்வலராக வேலை செய்யலாம். இளஞ்சிவப்பு ஸ்கார்ஃப் அணிவதால் அவர்களுக்குப் 'பிங்கி' என்றே பெயர்.

என் கணக்கில், ஒரு ரோவர் குழுவின் நேரத்தில் பாதியாவது அவர்களுடைய சொந்தத் திட்டங்களுக்குப் போக வேண்டும். அந்தத் திட்டம் சொதப்பினாலும் பரவாயில்லை. செலவுக் கணக்கை அவர்களே எழுதட்டும், துண்டு விழுந்தால் எப்படிச் சமாளிப்பது என்று அவர்களே மண்டையை உடைத்துக்கொள்ளட்டும். பெரியவர்கள் குறுக்கே விழுந்து சரிசெய்யாமல் இருப்பதுதான் கஷ்டம், குறிப்பாக அவர்களைப் பத்து வயதிலிருந்து பார்த்த ஆசிரியருக்கு. 'நீ' என்றே கூப்பிட்டாலும், கூட்டத்தில் அவர்கள் சொல்வதைச் சக பெரியவர் சொல்வதுபோலக் கேட்க வேண்டியிருக்கிறது.

பதினெட்டு ஆனதும் மாறும் விதிகள்

பெற்றோர் அடிக்கடி கேட்க மறக்கும் விஷயம் இது. போன மாதம் வரை அணித் தலைவனாக இருந்தவன் இந்த மாதம் சட்டப்படி பெரியவன். அவனுடைய பழைய அணியில் இருப்பவர்கள் இன்னும் பிள்ளைகள். போக்சோ சட்டம் 18 வயதுக்குட்பட்ட எல்லோரையும் குழந்தை என்றே வரையறுக்கிறது. நேற்றுவரை ஒரே கூடாரத்தில் தூங்கிய நண்பர்கள்தான் என்றாலும், இனி அவன் அந்தக் கூடாரத்தில் தூங்கக் கூடாது. ஒரு பிள்ளையோடு தனியாக மூடிய அறையில் இருக்கக் கூடாது. இரவில் தனிப்பட்ட முறையில் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கக் கூடாது. உலகச் சாரணர் அமைப்பு இதற்காகவே 'சேஃப் ஃப்ரம் ஹார்ம்' என்ற இணையவழிப் பயிற்சியை வைத்திருக்கிறது.

இதைச் சொல்லும் விதமும் முக்கியம். உன்மேல் சந்தேகம் என்ற தொனி வந்துவிட்டால் பிள்ளை சுருங்கிவிடும். இந்த விதி தலைமையாசிரியருக்கும் உண்டு, எனக்கும் உண்டு, இன்றிலிருந்து உனக்கும் உண்டு என்று சொன்னால் தலைநிமிர்ந்து ஏற்றுக்கொள்ளும். ஒருவரைப் பெரியவராக நடத்துவதன் முதல் அடையாளம், பெரியவர்களுக்கான விதியை அவருக்கும் சேர்த்துச் சொல்வதுதானே.

வேலை, சான்றிதழ், ரயில்வே

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சு வந்தால் அடுத்த கேள்வி கண்டிப்பாக இதுதான்: "இதனால பிள்ளைக்கு என்ன பிரயோஜனம்?" கேட்பதில் தப்பே இல்லை. வீட்டு நிலைமை அப்படி. இந்திய ரயில்வேயில் சாரண சாரணியருக்கென்று தனி ஒதுக்கீடு உண்டு. ராஷ்டிரபதி விருதோ, ஹிமாலயன் வுட் பேட்ஜ் என்ற தலைவர் பயிற்சித் தகுதியோ பெற்றிருப்பதும், பல ஆண்டுகள் தொடர்ந்து இயக்கத்தில் இருந்ததும், தேசிய, மாநில அளவிலான நிகழ்ச்சிகளில் கலந்துகொண்டதும் அதில் பார்க்கப்படுகின்றன. பள்ளியோடு விட்டுவிட்ட பிள்ளைக்கு இந்தத் தொடர்ச்சி அறுந்துபோகிறது. ரோவராகத் தொடர்ந்தவருக்கு அது கையில் இருக்கிறது. நிபந்தனைகளை அந்தந்த வருட அறிவிப்பில் படித்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இடங்கள் மிகக் குறைவு என்பதையும் பிள்ளையிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். வேலைக்காகச் சேர்ந்தவர் பிறகு சேவைக்காகத் தங்கியதும் உண்டு. அதை இழிவாகப் பார்ப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

வுட் பேட்ஜ் என்பது சாரணத் தலைவர்களுக்கான பயிற்சி. இங்கிலாந்தின் கில்வெல் பூங்காவில் 1919இல் இதன் முதல் வகுப்பு நடந்தது. முடித்தவர்கள் கழுத்தில் தோல்வாரில் கோத்த இரண்டு மரமணிகளை அணிவார்கள். நம் நாட்டில் அடிப்படைப் பயிற்சி, உயர்நிலைப் பயிற்சி என்று ஏறி ஹிமாலயன் வுட் பேட்ஜுக்கு வருவார்கள். ஆசிரியர் வேலையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் இது என்று பலர் நினைக்கிறார்கள். பிற்காலத்தில் குருளையர் தலைவராகவோ சாரணத் தலைவராகவோ ஆக விரும்பும் இளைஞர்களுக்கும் வழி இதுதான். பெண் பிள்ளைகளைக் குறிப்பாக இதற்கு அனுப்ப வேண்டும். கல்யாணம், வேலை, ஊர் மாற்றம் என்று அவர்களுடைய தொடர்புதான் முதலில் அறுகிறது. பயிற்சி முடித்த ஒரு ரேஞ்சர் எந்த ஊருக்குப் போனாலும், அங்குள்ள பள்ளியில் ஒரு சாரணியர் படைக்குத் தலைவர் தேவையா என்று கேட்டு நுழைய முடியும்.

ஊர் மாறிப் போனவர்கள்

சென்னைக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போனவரை வாரக் கூட்டத்துக்கு எதிர்பார்க்க முடியாது. அவரைக் கணக்கிலிருந்து எடுத்துவிடவும் வேண்டாம். வருடத்துக்கு ஒரு தடவை, பொங்கலை ஒட்டியோ தீபாவளி விடுமுறையிலோ ஒரு நாள் கூடல் வைத்தால் ஊருக்கு வருபவர்கள் வருவார்கள். ராஜ்ய புரஸ்கார் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு இரவு அரை மணி நேரம் கூகுள் மீட்டில் வரைபடம் படிக்கச் சொல்லிக்கொடுப்பது, பதிவேட்டைச் சரிபார்ப்பது போன்ற வேலைகளை எங்கிருந்தும் செய்யலாம். அந்த வகுப்பில் பெற்றோரோ ஆசிரியரோ இணைப்பில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். வெளிநாடு போனவர்கள் அங்குள்ள சாரணர் குழுவைத் தேடிச் சேரலாம். நாடு மாறினாலும் இடது கைக் குலுக்கல் ஒன்றுதான். இங்கிலாந்தில் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு, பல்கலைக்கழகங்களில் மாணவச் சாரணர் கழகங்கள் இருக்கின்றன.

25 வயதும் தாண்டிவிட்டால்? தலைவர் பொறுப்பு ஏற்கலாம். அதற்கு நேரமில்லாதவர்களுக்கு, முன்னாள் சாரண சாரணியருக்கான தோழமை அமைப்பு இருக்கிறது. உலக அளவில் அது 1953இல் சுவிட்சர்லாந்தின் லூசர்னில் தொடங்கப்பட்டது, இந்தியாவிலும் இயங்குகிறது.

கடைசியாக, இந்த வருடம் பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகளுக்குச் சில காரியங்கள். பள்ளியிலிருந்து டிசி வாங்கும் அன்றே சாரணர் சான்றிதழ்கள், முகாம் சான்றுகள், முன்னேற்றப் பதிவேடு எல்லாவற்றையும் கேட்டு வாங்கிவிடுங்கள். பல பள்ளிகளில் அவை பீரோவில் கிடந்து கரையான் அரித்துப் போகின்றன. எல்லாவற்றையும் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். எந்தக் குழுவில், எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை இருந்தீர்கள் என்று சாரண ஆசிரியரிடம் ஒரு கடிதமும் வாங்குங்கள். ரோவர் குழுவில் சேரும்போது அதைக் கேட்பார்கள். அப்படியே சாரணர் இயக்கத்தின் மாவட்டச் செயலாளரின் எண்ணையும் அவரிடம் கேட்டு வாங்கி, கல்லூரி சேர்க்கை முடிவதற்குள் ஒரு தடவை பேசிவிடுங்கள். போகவிருக்கும் ஊரின் பெயரைச் சொன்னால், அங்கே யாரைப் பார்ப்பது என்று அவர் விசாரித்துச் சொல்வார்.